அகழிக்கு அந்தப் பக்கம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அகழியைப் பற்றி. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகாதவர்கள் இந்த அவையில் அதிகம் பேர் இருக்கமாட்டீர்கள். அங்கே புலிக்கும் நமக்கும் நடுவில் கம்பி கிடையாது. ஒரு கைப்பிடிச் சுவர், அதைத் தாண்டி ஆழமான பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் புல், புதர், மர நிழல். அந்த நிழலில் புலி படுத்திருக்கும். அதற்கு முன்பு, 1855-இல் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிவைத்த சென்னை மிருகக்காட்சி சாலை மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த காலத்தில், கூண்டுக்கு முன்னால் நின்று சிங்கம் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். 1985-இல் வண்டலூர் திறக்கப்பட்டபோது கம்பி போய் அகழி வந்தது. நல்ல மாற்றம் என்று எல்லோரும் சொன்னோம். இன்றும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் அந்த அகழியை முதலில் வெட்டியவர் யார், எதற்காக வெட்டினார் என்று தெரிந்துகொண்ட பிறகு, அதன் ஓரத்தில் நிற்கும்போது எனக்கு முன்பிருந்த நிம்மதி வருவதில்லை. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

ஜெர்மனியின் ஹாம்புர்க் துறைமுக நகரில் ஒரு மீன் வியாபாரி இருந்தார். 1848-இல் ஸ்டர்ஜன் மீனுக்கு விரித்த வலையில் ஆறு சீல்கள் சிக்கின. அவர் அவற்றை மரத்தொட்டிகளில் விட்டு, காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டினார். அவருடைய மகன் கார்ல் ஹாகன்பெக். தந்தையின் தொட்டி வியாபாரத்தை ஐரோப்பாவின் மிகப் பெரிய விலங்கு வணிகமாக வளர்த்தவர் இவர். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பிடிபட்ட யானைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் சிங்கக்குட்டிகளும் இவர் கை வழியாகத்தான் ஐரோப்பிய நகரங்களின் காட்சிசாலைகளுக்கும் சர்க்கஸ்களுக்கும் போயின. குட்டியை உயிரோடு பிடிக்க வேண்டுமானால் பல சமயம் தாயைக் கொல்ல வேண்டும். அந்தக் காலத்து விலங்குப் பிடிப்பு அப்படித்தான் நடந்தது.

1896-இல் ஹாகன்பெக் ஒரு காட்சி அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். விலங்கு எவ்வளவு தூரம் தாவும், எவ்வளவு உயரம் எம்பும் என்று சோதித்து அளந்து, அதற்கு மேல் அகலமும் ஆழமும் உள்ள பள்ளம் வெட்டிவிட்டால் கம்பியே தேவையில்லை. பள்ளம் பார்வையாளர் கண்ணில் படாதபடி செடியாலும் பாறையாலும் மறைத்துவிட வேண்டும். இந்த முறையில் ஹாம்புர்க் அருகே ஷ்டெல்லிங்கனில் அவர் கட்டிய பூங்கா 1907 மே மாதம் திறக்கப்பட்டது. உலகத்தின் பல பூங்காக்கள் பிறகு அதைப் பின்பற்றின. வண்டலூர் அகழியின் பூர்வீகமும் அதுதான்.

வேலை நிமித்தமாக ஹாம்புர்க் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூங்காவுக்குப் போனேன். சுரங்க ரயிலில் ஏறினால் பூங்காவின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. பழைய தலைவாயிலைப் பார்க்க வேண்டும் என்று முதலில் அங்கே போனேன். ஜோசப் பாலன்பெர்க் என்ற சிற்பி செய்த வெண்கல உருவங்கள் அந்த வாயிலுக்கு அழகு. யானைத் தலைகள், ஒரு சிங்கம், ஒரு பனிக்கரடி. கூடவே இரண்டு மனித உருவங்கள்: ஓர் அமெரிக்கப் பழங்குடி வீரர், ஓர் ஆப்பிரிக்க வீரர். யானை, சிங்கம், கரடி, அந்த வரிசையிலேயே இரண்டு மனிதர்கள். சிற்ப வேலை என்னவோ மிக நேர்த்தியானது. தசையும் நரம்பும் தெரிய வடித்திருக்கிறார். ஆனால் இவர்கள் ஏன் இந்த வாயிலில் நிற்கிறார்கள் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உள்ளே போன பிறகும் அது விடவில்லை.

உள்ளே ஆப்பிரிக்கக் காட்சி என்று ஓர் இடம். முன்னால் பூநாரைகள் நிற்கும் குளம். அதன் பின்னால் வரிக்குதிரைகள் மேயும் திடல். அதற்கும் பின்னால் சிங்கங்களின் பாறைப் பள்ளத்தாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே செயற்கை மலை. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே வெளியில் ஒன்றாக வாழ்வதுபோல் தெரியும். மலைத்துப்போய் நின்றேன், அதை மறைக்கவில்லை. பிறகு படம் எடுப்பவர்களுக்கு வழிவிட நாலு எட்டு ஓரமாக நகர்ந்தேன். அந்தக் கோணத்தில் செடி மறைப்பு விலகி அகழி தெரிந்தது. பாசி ஏறிய சிமென்ட் சுவர், அடியில் கறுத்துக் கிடந்த தண்ணீர், அதில் மிதந்த இலைச்சருகு. நான் முதலில் நின்ற இடத்துக்காகவே அத்தனையும் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. சிங்கம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்தச் சுவர் எப்போதும் தெரியும்.

யானைகள் இருக்கும் பகுதியில் பார்வையாளர்கள் காய், பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு யானை தும்பிக்கையை அகழிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. நம்மூர் யானை போலவே ஆசிய யானை. தும்பிக்கை நுனியில் ஒற்றை விரல். ஒரு சிறுமி நீட்டிய கேரட்டை அந்த விரல் தொட்டுப் பார்த்து, புரட்டி, நுனியோடு சேர்த்துப் பிடித்து வாங்கியது. தும்பிக்கையின் ரோமம் தேங்காய் நார்போல விறைத்திருந்தது. மூச்சுக்காற்று ஈரமாக என் கைமேல் பட்டது. குழந்தைகள் சிரித்தார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கலக்கம் வேறு. என் தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் யானையோடு இந்த நகருக்கு வந்திருந்தால் அவரை எந்தப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள்?

இதற்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1870களின் நடுவில் விலங்கு வியாபாரம் மந்தமான சமயத்தில், ஹாகன்பெக் லாப்லாந்திலிருந்து பனிமான்கள் வரவழைக்க நினைத்தார். அவருடைய நண்பர், விலங்குகளை வரையும் ஓவியர் லாய்ட்டமான், மான்களோடு அவற்றை மேய்க்கும் குடும்பத்தையும் அழைத்துவரலாமே என்று யோசனை சொன்னார். வந்தார்கள். வித்தை எதுவும் காட்டவில்லை. கூடாரம் அடித்தார்கள், மானில் பால் கறந்தார்கள், தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். ஹாம்புர்க் மக்கள் கூட்டம் கூட்டமாகக் காசு கொடுத்து வந்து பார்த்தார்கள். மனிதர்களைக் காட்டி விலங்கு வியாபாரத்தை நிமிர்த்தலாம் என்று ஹாகன்பெக் அன்று கண்டுகொண்டார்.

என் வாதம் இதுதான். அகழி வைத்த 1907 பூங்காவின் விதை அந்தக் கூடாரத்தில் இருக்கிறது. குடிசை, மான், மனிதர், பின்னால் இயற்கைபோல ஒரு சூழல் என எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டினால்தான் பார்ப்பவர் தன்னை மறந்து நிற்பார் என்பதை ஹாகன்பெக் சிங்கத்திடம் கற்கவில்லை, மனிதர்களை வைத்துக் கற்றார். கம்பிக்குப் பின்னால் மனிதரை வைத்தால் பார்ப்பவருக்கே உறுத்தும். குடிசை கட்டிக் கொடுத்து, அவரவர் வேலையை அவரவர் செய்யட்டும் என்று விட்டுவிட்டால் உறுத்தாது. உறுத்தாமல் பார்க்கவைக்கும் அந்தக் கலைதான் பின்னால் விலங்குகளுக்கும் வந்தது.

அந்த மனிதர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனடாவின் வடகிழக்கு ஓரத்தில் லாப்ரடார் கடற்கரை. அங்கே ஹெப்ரோன் என்ற ஊரில் மொராவியச் சபையின் மிஷன் இருந்தது. இதே சபையார் 1760-இலேயே நம் தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள். ஹெப்ரோனில் ஆப்ரஹாம் என்றொரு இனுயிட் மனிதர், 35 வயது. எழுதப் படிக்கத் தெரியும், வயலின் வாசிப்பார், படம் வரைவார். மிஷன் கடையில் அவருக்குக் கடன் இருந்தது. 1880 ஆகஸ்டில் ஹாகன்பெக்கின் ஆளான யாக்கப்சன் ஐரோப்பாவுக்கு வந்தால் சம்பளம் உண்டு என்று கூப்பிட்டார். போகாதே என்று மிஷனரிகள் தடுத்தார்கள். கடனை அடைக்கலாம், தனக்குப் பாடம் சொன்ன பழைய மிஷனரிகளை அவர்கள் நாட்டிலேயே பார்க்கலாம் என்ற ஆசையில் ஆப்ரஹாம் கிளம்பினார். மனைவி உல்ரிக்கே, நான்கு வயதுகூட நிரம்பாத சாரா, கைக்குழந்தை மரியா, தோபியாஸ் என்ற இளைஞர். இவர்களோடு கிறிஸ்தவத்துக்கு வராத இன்னொரு குடும்பம்: தெர்ரியானியாக், மனைவி பாய்ங்கு, மகள் நொக்காசாக். ஆக எட்டுப் பேர்.

ஹாம்புர்க்கில் காட்டினார்கள். பிறகு பெர்லின் விலங்குக் காட்சிசாலையில் காட்டினார்கள். ஆப்ரஹாம் தன் மொழியில் நாட்குறிப்பு எழுதினார். காட்சிக்கு வைக்கப்பட்ட அந்த மனிதர், தன்னைப் பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதிவைத்த பதிவு அது. மூலம் கிடைக்கவில்லை, ஒரு மிஷனரி செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பின் பிரதி 1980-இல் அமெரிக்காவின் பெத்லகேம் நகரத்து ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதில் கூட்டத்தின் இரைச்சல் இருக்கிறது. வேலியைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே நுழைந்து நெருக்கியவர்களைப் பற்றி இருக்கிறது. ஒருநாள் அவர் சாட்டையையும் சீல் வேட்டை ஈட்டியையும் எடுத்துக்கொண்டு, பயங்கரமானவர்போல் பாவனை காட்டி அவர்களை வெளியே துரத்தினாராம். வயலின் வாசிக்கும், ஜெபம் தவறாத மனிதர், தன் வீட்டுக் கதவை மூடிக்கொள்வதற்காக, அவர்கள் எதிர்பார்த்த காட்டு மனிதராக நடிக்க வேண்டியிருந்தது. சொல் பேச்சுக் கேட்கவில்லை என்று தோபியாஸை யாக்கப்சன் நாய்ச் சாட்டையால் அடித்ததும் அந்தக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

பெர்லினில் அவர்களை அளந்து பார்க்க வந்தவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ. மருத்துவ மாணவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். நோய் உயிரணுக்களில் தொடங்குகிறது என்று நிலைநாட்டிய மேதை. தலையையும் கைகளையும் அவர் அளந்துகொண்டிருந்தபோது பாய்ங்கு பயத்தில் வெறிகொண்டவர்போல் அறைக்குள் குதித்து ஓடினார். அந்த மேதை அதையும் ஓர் ஆராய்ச்சிக் குறிப்பாக எழுதிக்கொண்டார்.

ஜெர்மனியில் 1874-லேயே அம்மை குத்திக்கொள்வது சட்டப்படி கட்டாயமாகியிருந்தது. இந்த எட்டுப் பேருக்கும் குத்தவில்லை. டார்ம்ஷ்டாட் நகரில் டிசம்பர் 14 அன்று நொக்காசாக் இறந்தாள். கிரேஃபெல்டில் பாய்ங்கு இறந்தார். என்ன நோய் என்பது பெரிய மருத்துவர்களுக்கும் சட்டென்று பிடிபடவில்லை. அடுத்து சாரா உடம்பில் கொப்புளம் போட்டது. பெரியம்மை. அவளை கிரேஃபெல்ட் மருத்துவமனையில் விட்டுவிட்டு மற்றவர்கள் பாரிசுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அங்கே காட்சி ஏற்பாடாகியிருந்தது. தந்தை விடைபெறப் போனபோது குழந்தை தனக்குத் தெரிந்த சின்ன ஜெபத்தைச் சொன்னாள். அம்மாவுக்கும் தங்கைக்கும் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள். அவர் கிளம்பும்போது தூங்கிவிட்டாள், பிறகு விழிக்கவேயில்லை. ஆப்ரஹாம் பாரிசிலிருந்து தன் மிஷனரிக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. 1881 ஜனவரி முதல் தேதி பாரிசில் மீதிப் பேருக்கு அம்மை குத்தினார்கள். காலம் கடந்துவிட்டது. ஜனவரி 16-ஆம் தேதிக்குள் கைக்குழந்தை மரியா உட்பட ஐந்து பேரும் இறந்துபோனார்கள். கடைசியாகக் கண்மூடியவர் உல்ரிக்கே. கணவரையும் இரண்டு பெண் குழந்தைகளையும் இழந்த பிறகும் சில நாள் அந்த மருத்துவமனைப் படுக்கையில் உயிரோடு இருந்தார். ஐந்து பேரின் எலும்புக்கூடுகளும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருப்பதைக் கனடிய ஆய்வாளர் பிரான்ஸ் ரிவே தேடிக் கண்டுபிடித்து 2014-இல் புத்தகமாக வெளியிட்டார்.

இதோடு நின்றுவிட்டதா என்றால் இல்லை. அதே 1881-இல் தென்னமெரிக்காவின் தெற்கு முனையிலிருந்து கவாஸ்கர் இனத்தவர் 11 பேர் பாரிசிலும் பெர்லினிலும் காட்டப்பட்டார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் கிடந்த அவர்களில் ஐந்து பேரின் எலும்புகள் 2010-இல்தான் சிலி நாட்டுக்குத் திரும்பின. 1880களில் இலங்கையிலிருந்து யானைகளும் பாகர்களும் ஆட்டக்காரர்களும் ஹாகன்பெக்கின் பெரிய குழுவாக ஐரோப்பிய நகரங்களைச் சுற்றினார்கள். ஹாகன்பெக்கின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜான் கொழும்பிலேயே தங்கி வியாபாரம் செய்தார்; அவர் விலங்குகளை வைத்திருந்த இடம்தான் பின்னால், 1936-இல், அரசின் கைக்கு மாறி இன்றைய தெஹிவளை மிருகக்காட்சி சாலை ஆயிற்று. பாரிசில் 1902-இல் ‘மலபார்’ மக்கள் என்ற விளம்பரத்தோடு தென்னிந்தியர் காட்டப்பட்டார்கள். 1926-இல் பெர்லின் விலங்குக் காட்சிசாலையில் இந்தியக் காட்சி நடந்தபோது, அந்த ஊரில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த மாணவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. யானைத் தும்பிக்கைக்கு முன்னால் எனக்குள் எழுந்த கேள்விக்கு இந்தக் காட்சிகளைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

சரி, அது மனிதர்கள் கதை, விலங்குகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். மனிதரை மனிதரல்லாதவராக நடத்தியது தவறு. விலங்கை விலங்காக நடத்துவது எப்படித் தவறாகும்? நியாயமான கேள்வி. இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மங்கோலியப் புல்வெளியின் காட்டுக்குதிரை, பிரஷெவால்ஸ்கி குதிரை என்பார்கள். 1901-இல் அதன் குட்டிகளைக் கூட்டமாகப் பிடித்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்ததும் இதே ஹாகன்பெக்கின் ஆட்கள்தான். 1960களில் அந்த இனம் காட்டில் அற்றுப்போனது. காட்சிசாலைகளில் பிழைத்திருந்த கொஞ்சத்தின் வழித்தோன்றல்களை 1992 முதல் மங்கோலியாவில் திரும்ப விட்டார்கள். இன்று அவை அங்கே குட்டி போட்டு வாழ்கின்றன. காட்சிசாலைகள் இல்லாதிருந்தால் அந்தக் குதிரையை இன்று படத்தில்தான் பார்த்திருப்போம். ஆகவே பூங்காக்களை இழுத்து மூடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

நான் சொல்வது வேறு. அகழி யாருடைய நிம்மதிக்காக வெட்டப்பட்டது என்பதை மறந்துவிடாதீர்கள். கம்பியை எடுத்ததால் விலங்குக்குக் கொஞ்சம் கூடுதல் இடமும் மண்ணும் நிழலும் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் நமக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது. அடைத்து வைத்திருக்கிறோம் என்ற நினைப்பே நம் கண்ணிலிருந்து அகன்றது. அந்த நினைப்பு போய்விட்டால் கேள்வி கேட்கும் பழக்கமும் போய்விடும். ஆப்ரஹாமின் குடிசையை வேடிக்கை பார்த்த பெர்லின் மக்கள் கொடியவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த சாதாரணக் குடும்பங்கள். இவர்களுக்கு அம்மை குத்தியிருக்கிறீர்களா என்று கேட்கவேண்டும் என்ற எண்ணம்கூட அவர்களுக்கு வரவில்லை. குடிசையும் பனிமான் தோலும் அவ்வளவு இயல்பாகத் தெரிந்தன.

நோய்க்கு அகழி தெரியாது. 2021 ஜூனில் வண்டலூரில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது; அடுத்து பத்மநாதன் என்ற 12 வயது ஆண் சிங்கமும் போனது. ஊரடங்கில் பூங்கா மூடியிருந்த சமயம் அது, பார்வையாளர் யாரும் இல்லை. மருத்துவர்களும் பராமரிப்பாளர்களும் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள், மற்ற சிங்கங்கள் பிழைத்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை, காரணமும் இல்லை. ஆனால் ஒன்று விளங்கியது: நம் பொறுப்பில் ஓர் உயிரை அடைத்து வைத்தால் நம்முடைய நோய் அதன் நோயாகவும் ஆகலாம். அதனால் தப்பித்து ஓட முடியாது.

இங்கே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சுற்றுலாவாக அங்கே அழைத்துப் போகிறவர்கள் நீங்கள்தான். அடுத்த முறை போகும்போது பிள்ளைகள் கையில் சில கேள்விகளைக் கொடுத்து அனுப்புங்கள். மாலையில் வாயில் மூடிய பிறகு இந்தப் புலி எங்கே படுக்கிறது? அந்தக் கொட்டடி எவ்வளவு பெரியது? காலையில் எத்தனை மணிக்கு வெளியே விடுவீர்கள்? இந்தக் குரங்குக்குத் துணை உண்டா, தனியாக இருக்கிறதா? இது எங்கே பிறந்தது, இங்கேயா, காட்டிலா? காட்டில் பிறந்தது என்றால் இங்கே எப்படி வந்தது? 1992-இல் மத்திய விலங்குக் காட்சிசாலை ஆணையம் அமைக்கப்பட்டு, இடம், உணவு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் விதிமுறைகள் வந்தாகிவிட்டன. ஆகவே இவை அதிகப்பிரசங்கித்தனமான கேள்விகள் இல்லை; பதில் இருக்கவேண்டிய கேள்விகள். தகவல் பலகையில் அறிவியல் பெயரும் எடையும் ஆயுளும் மட்டும்தான் இருக்கும். அதனால் பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். காலையில் கொட்டடிக் கதவைத் திறந்துவிடுகிற பராமரிப்பாளர் பக்கத்தில்தான் எங்காவது இருப்பார். ஒவ்வொரு விலங்கின் பழக்கமும் பயமும் அவருக்குத் தெரியும். யாரும் அவரிடம் கேட்பதில்லை. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, அனுமதி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை அவரிடம் பேசவிடுங்கள். அவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, மீதி நேரத்தில் எத்தனை விலங்குகளைப் பார்க்க முடிகிறதோ அத்தனை போதும்.